பொது மன்னிப்பு: யார், யாரை, எதற்காக?

1961 இல் பீற்றர் பெனன்சன் லண்டனில் தொடக்கிவைத்த நிறுவனத்தை நாம் ‘சர்வதேச மன்னிப்புச் சபை’ என்று அழைத்து வருகிறோம். காணாமற்போனோரின் விபரங்களையும் சித்திரவதைச் சாட்சியங்களையும் பல்லாண்டுகளாக அதற்கே அனுப்பி வந்திருக்கிறோம். எவரையும் மன்னிப்பது அந்த நிறுவனத்தின் வேலையல்ல. மனச்சாட்சியின் பேரில் சிறையிலிடப்பட்டோரை விடுவிக்கக் கோரும் அதே வேளை, சித்திரவதை செய்தவனையும் ஆட்கடத்தியவனையும் சட்டத்தின் முன் நிறுத்தும்படி கேட்கும் அமைப்பு அது. எனினும் தமிழில் அதன் பெயர் மன்னிப்புச் சபை. மொழிபெயர்த்தவர்கள் மீது குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. எமது அரசியல் மொழியில் இந்தச் சொல் எவ்வளவு குழம்பிக் கிடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

வெசாக் தினத்தில் சில்லறைக் குற்றவாளிகளைத் திறந்துவிட்டாலும் எமது பத்திரிகைகள் பொது மன்னிப்பு என்றே எழுதுகின்றன. மரணதண்டனை பெற்ற ஒரு சிப்பாயை ஜனாதிபதி தனது பேனாவால் விடுதலை செய்தாலும் அதே சொல்தான். போராளிகள் மீதான வழக்குகளைக் கைவிடுவதாக ஓர் உடன்படிக்கை கூறினாலும் அதுவேதான். இவை மூன்றும் வெவ்வேறு காரியங்கள். நான்காவது ஒன்றும் உண்டு. அரசு தன் ஊழியர்களுக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் பாதுகாப்பு அது. அதை எமது மொழியில் யாரும் மன்னிப்பு என்று சொல்வதில்லை. ஆனால் இலங்கையின் நூறாண்டு வரலாற்றில் மிகப் பெரிய மன்னிப்புகள் அந்த வடிவத்தில்தான் வழங்கப்பட்டுள்ளன.

1

‘அம்னெஸ்டி’ என்பதன் கிரேக்க வேர் மறதியைக் குறிக்கிறது, மன்னிப்பை அல்ல. கி.மு. 403 இல் முப்பது கொடுங்கோலரின் ஆட்சி வீழ்ந்து மக்களாட்சி மீண்டபோது, கடந்தகாலத் தீங்குகளைக் கிளறி வழக்காடுவதில்லை என்று ஏதென்ஸ்வாசிகள் சத்தியம் செய்துகொண்டனர். பொது மன்னிப்பின் ஆதிமுன்னுதாரணமாக எல்லோரும் காட்டுவது இதனைத்தான். ஆனால் அச் சத்தியத்தின் பாதுகாப்பிலிருந்து முப்பதின்மரும் அவர்களது முக்கிய அதிகாரிகளும் விலக்கப்பட்டிருந்தார்கள் என்பதை எடுத்துக்காட்டுவோர் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். அவர்களும் உள்ளே வரலாம்; ஆனால் முதலில் தமது செயல்களுக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். ஆக, ஆதிமுன்னுதாரணத்திலேயே மறதிக்கு ஒரு விலை இருந்தது.

தமிழில் பொறுத்தல் என்பது தீங்கிழைக்கப்பட்டவருக்குரிய குணம். வள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியதும் அந்த அர்த்தத்தில்தான். அடி வாங்கியவன் பொறுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரன் அவனுக்காகப் பொறுக்க முடியாது. மன்னனின் மன்னிக்கும் உரிமையை எல்லா உரிமைகளிலும் வழுக்கலானது என்று கருதிய கான்ட் இதே இடத்திற்குத்தான் வந்து சேர்கிறார். தனக்கு எதிரான குற்றத்தை அரசு மன்னிக்கலாம். ஒரு குடிமகன் இன்னொருவனுக்கு இழைத்த குற்றத்தைத் தண்டியாது விடுவது பாதிக்கப்பட்டவனுக்குச் செய்யும் இன்னோர் அநீதி. தண்டிக்க இயலாததை மனிதரால் மன்னிக்கவும் இயலாது என்ற ஹன்னா ஆரெண்டின் கருத்தையும் இதனுடன் சேர்த்து வாசிக்கலாம். விசாரணைக்கே வராத ஒன்று மன்னிக்கப்படுவதில்லை. அது வெறுமனே கைவிடப்படுகிறது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு இலங்கையின் ஆவணங்கள் சிலவற்றை வாசித்துப் பார்க்கலாம்.

2

முதலாவது ஆவணம் லண்டனில் எழுதப்பட்டது. 1915 மே மாத இறுதியில் கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிராகத் தொடங்கிய வன்முறை பரவியதும் யூன் 2 ஆம் திகதி இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. அதன் கீழ் மனிதர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஹென்றி பேதிரிஸ் யூலை 7 ஆம் திகதி இராணுவத் தீர்ப்பின்படி கொல்லப்பட்டார். இச்செயல்களுக்காக அதிகாரிகள் மீது எவரும் வழக்குத் தொடர முடியாதபடி அதே ஆண்டில் மன்னரின் மன்றாலோசனைக் கட்டளையொன்று பிறந்தது. சட்டவிரோதமாக நடந்தவற்றைப் பின்னோக்கிச் சட்டபூர்வமாக்குவதுதான் இவ்வகைச் சட்டங்களின் சாரம் என்று ஆங்கிலேய அரசியலமைப்பு அறிஞர் டைசி முன்னரே சொல்லியிருந்தார்.

இந்த அநீதியை எதிர்த்துச் சட்டசபையிலும் பின்னர் லண்டனிலும் வாதாடியவர் பொன்னம்பலம் இராமநாதன். 1916 இல் லண்டனில் வெளிவந்த அவரது நூல் இராணுவச் சட்டத்தின் கீழ் நடந்தவற்றைப் பதிவுசெய்தது. அதற்கு அவருக்கு உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த விவாதம் முழுவதும் குடியேற்ற அரசுக்கும் சிங்களத் தலைவர்களுக்கும் இடையிலான வழக்காக மாறிப்போயிற்று. கடைகள் எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் அவ்வழக்கின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். முஸ்லிம் சமூகம் இராமநாதனை இன்றுவரை எப்படி நினைவுகூர்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அரசின் குற்றத்தைப் பேசும் வேகத்தில் மக்கள் மக்களுக்கு இழைத்த குற்றம் மறைந்துபோகும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

இரண்டாவது ஆவணம் 1982 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம். 1977 ஓகஸ்ட் 1 முதல் 31 வரை சட்டம் ஒழுங்கை நிலைநாட்டும் நோக்கில் நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட செயல்களுக்காக அமைச்சர்கள், அதிகாரிகள், அவர்களது பணிப்பில் இயங்கியவர்கள் எவர் மீதும் வழக்குத் தொடர முடியாது என்கிறது அது. அந்த ஓகஸ்ட் மாதம் தமிழர் மீது கட்டவிழ்த்துவிடப்பட்ட வன்முறையின் மாதம். சன்சோனி ஆணைக்குழுவின் அறிக்கை 1980 இல் வெளியாகியிருந்தது. அறிக்கைக்குப் பின் வந்தது வழக்கு அல்ல, வழக்கைத் தடுக்கும் சட்டம். 1979 இல் தற்காலிகமாகக் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நிரந்தரமாக்கியதும் இதே 1982 இல்தான். ஒருபுறம் தமிழ் இளைஞர் மீது குற்ற ஒப்புதல் வாக்குமூலம் மட்டுமே போதுமான சாட்சியமாயிற்று. மறுபுறம் அரச ஊழியர் மீது எந்தச் சாட்சியமும் போதாததாயிற்று. ஒரே நாணயத்தின் இரு பக்கங்களை ஒரே ஆண்டில் ஒரே பாராளுமன்றம் அச்சடித்தது.

அத்துடன் முடியவில்லை. 1977 யூலையில் தெரிவான அதே பாராளுமன்றம், 1982 டிசெம்பர் சர்வசன வாக்கெடுப்பால் தன் ஆயுளை நீட்டிக்கொண்ட அதே பாராளுமன்றம், 1988 டிசெம்பரில் இச்சட்டத்தைத் திருத்தியது. பாதுகாப்பின் எல்லை 1988 டிசெம்பர் 16 வரை நகர்த்தப்பட்டது. மூன்று நாட்களின் பின் ஜனாதிபதித் தேர்தல். திகதிகளுக்கு இடைப்பட்டவற்றை எண்ணிப் பாருங்கள். 1983 யூலை 25 இலும் 27 இலும் வெலிக்கடையில் 53 கைதிகள் கொல்லப்பட்டது அதற்குள் அடங்குகிறது. தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சியை ஒடுக்கும் பெயரில் காணாமலாக்கப்பட்ட சிங்கள இளைஞர் பலரும் அதற்குள் அடங்குகின்றனர். இதில் தமிழன் சிங்களவன் என்ற பேதம் இருக்கவில்லை. அரசு தன்னைத்தான் மன்னித்துக்கொண்டது.

3

மூன்றாவது ஆவணத்தை எம்மவர் பலர் வரவேற்றனர். 1987 யூலை 29 இன் இந்திய–இலங்கை உடன்படிக்கை, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழும் அவசரகாலச் சட்டங்களின் கீழும் தடுத்து வைக்கப்பட்டோருக்கும் குற்றஞ்சாட்டப்பட்டோருக்கும் தண்டனை பெற்றோருக்கும் போராளிகளுக்கும் ஜனாதிபதி பொது மன்னிப்பு வழங்குவார் என்றது. சிறைகள் திறந்தன. அது நல்ல காரியமே.

ஆனால் அந்த வாசகம் எப்பொழுது தொடங்கி எப்பொழுது முடிகிறது? எந்தச் செயல்கள் உள்ளே, எவை வெளியே? சர்ச்சை வந்தால் தீர்மானிப்பது யார்? இவை எதற்கும் அதில் விடையில்லை. விடையில்லாமையின் விலை இரண்டு மாதங்களில் தெரிந்தது. ஒக்ரோபர் தொடக்கத்தில் பருத்தித்துறைக் கடலில் குமரப்பா, புலேந்திரன் உட்பட 17 பேர் கைதாகினர். பொது மன்னிப்பு அவர்களுக்கும் உண்டு என்பது புலிகளின் வாதம். உடன்படிக்கைக்குப் பிந்திய ஆயுதக் கடத்தலுக்கு அது பொருந்தாது என்பது கொழும்பின் வாதம். விடயத்தை எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை. ஒக்ரோபர் 5 ஆம் திகதி பலாலியில் 12 பேர் சயனைட் அருந்தி இறந்தனர். சில நாட்களில் இந்தியப் படையுடனான போர் மூண்டது. போருக்கு வேறு காரணங்களும் இருந்தன. எனினும் வாசகம் தெளிவற்ற ஒரு மன்னிப்பு எத்தனை உயிர்களைக் கேட்கும் என்பதற்கு இது சாட்சி.

இதற்கு எதிரிடையாக இன்னொரு மன்னிப்பையும் பார்க்க வேண்டும். 1971 கிளர்ச்சிக்காகக் குற்றவியல் நீதி ஆணைக்குழுவினால் தண்டிக்கப்பட்ட ரோகண விஜேவீர 1977 நவம்பரில் வெளியே வந்தார். அந்த ஆணைக்குழுச் சட்டத்தையே புதிய அரசு நீக்கியது. சான்று விதிகளைத் தளர்த்தி உருவாக்கப்பட்ட விசேட மன்று அநீதியானது என்பது காரணம். சரியான காரணம்தான். ஆனால் அதே தர்க்கம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் முன் கொடுத்த வாக்குமூலத்தால் தண்டிக்கப்பட்ட தமிழ்க் கைதிகளுக்கு ஏன் பொருந்தாமற் போயிற்று? 2024 செப்டெம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். அவரது கட்சியின் நிறுவனர் அரசியற் காரணத்துக்கான மன்னிப்பினாற் சிறையிலிருந்து வெளிவந்தவர். இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு அவரைவிடப் பொருத்தமான முகவரி இல்லை.

4

நான்காவது ஆவணம் மிகச் சிறியது. 2000 டிசெம்பரில் மிருசுவிலில் தம் வீடுகளைப் பார்க்கச் சென்ற எட்டுப் பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் ஐந்து வயதுக் குழந்தையும் ஒன்று. இலங்கை இராணுவத்தினன் ஒருவன் தண்டிக்கப்பட்ட மிகச் சில வழக்குகளில் இது ஒன்று. 2015 யூனில் கொழும்பு மேல் நீதிமன்றம் சுனில் ரத்நாயக்கவுக்கு மரணதண்டனை விதித்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. 2020 மார்ச் 26 ஆம் திகதி, நோய்த்தொற்று ஊரடங்கில் நாடு முடங்கிக் கிடந்தபோது, கோத்தாபய ராஜபக்ச அவரை மன்னித்தார்.

1978 அரசியலமைப்பின் 34 ஆவது உறுப்புரை இந்த அதிகாரத்தை ஜனாதிபதிக்கு அளிக்கிறது. ஆனால் மரணதண்டனை வழக்கில் விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் பரிந்துரை என்ற படிகளையும் அதே உறுப்புரை வகுக்கிறது. மிருசுவில் மன்னிப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாகின. துமிந்த சில்வாவுக்கு 2021 இல் வழங்கிய மன்னிப்பை 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. றோயல் பார்க் கொலை வழக்கில் 2019 இல் மைத்திரிபால சிறிசேன அளித்த மன்னிப்பும் 2024 யூனில் அதே கதியை அடைந்தது. ஆக மன்னிப்பு என்பது மன்னரின் கருணை அல்ல, காரணம் காட்டப்பட வேண்டிய ஒரு பொதுச் செயல் என்ற கோட்பாடு கொழும்பிலும் வேரூன்றத் தொடங்கியிருக்கிறது. இதைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். ‘இலங்கை நீதிமன்றத்தில் ஒன்றுமே இல்லை’ என்று இங்கிருந்து ஒரே வரியில் முடித்துவிடுவது சோம்பேறித்தனம்.

இந்தியாவில் இதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கின் ஏழு பேரையும் விடுவிக்கத் தமிழக அமைச்சரவை 2018 செப்டெம்பரில் பரிந்துரைத்தது. ஆளுநர் முடிவெடுக்காமலே இருந்தார். 2022 மே மாதம் பேரறிவாளனையும் நவம்பரில் ஏனைய ஆறு பேரையும் உச்ச நீதிமன்றமே விடுவிக்க வேண்டியதாயிற்று. அவர்களுள் இலங்கையரான நால்வர் திருச்சி சிறப்பு முகாமுக்குப் போனார்கள். சாந்தன் ஊர் திரும்பாமலே 2024 பெப்ரவரியில் இறந்தார். மன்னிக்கும் அதிகாரத்தை மௌனத்தாலும் துஷ்பிரயோகம் செய்யலாம்.

5

‘மன்னிப்பு இல்லாமல் சமாதானம் ஏது? தூக்குக்கயிற்றைக் காட்டினால் எவன் ஆயுதத்தைக் கீழே வைப்பான்?’ இது நியாயமான வாதம். ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977 ஆம் ஆண்டு இரண்டாவது மேலதிக நெறிமுறையும் உள்நாட்டுப் போர் முடிவில் இயன்றளவு பரந்த மன்னிப்பை வழங்க அரசுகள் முயல வேண்டும் என்கிறது. ஆனால் ஆயுதமேந்திப் போரிட்ட காரணத்துக்கான மன்னிப்பு அது. போர்க்குற்றங்களுக்கானது அல்ல என்பதே செஞ்சிலுவைச் சங்கத்தின் விளக்கம். கான்ட் போட்ட கோடும் அதுவே.

பல நாடுகள் இக்கோட்டைத் தாண்டிப் பார்த்துள்ளன. சிலியில் பினோஷே 1978 இல் தன் ஆட்களுக்குத் தானே மன்னிப்பு வழங்கினார். 1998 ஒக்ரோபர் 16 ஆம் திகதி அவர் கைதானது இதே லண்டனில். சித்திரவதைக்கு எதிரான சாசனம் பிரித்தானியாவைக் கட்டுப்படுத்தத் தொடங்கிய பிற்பாடு நிகழ்ந்த சித்திரவதைகளுக்கு முன்னாள் அரசுத் தலைவர் என்ற கவசம் உதவாது என்று 1999 மார்ச்சில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. உடல்நலத்தைக் காரணம் காட்டி 2000 மார்ச்சில் அவர் திருப்பி அனுப்பப்பட்டாலும், ஒரு நாட்டின் மன்னிப்புச் சட்டம் எல்லைக்கு வெளியே செல்லாக்காசு என்பது நிலைநாட்டப்பட்டது. ஆர்ஜென்டீனாவின் இரு மன்னிப்புச் சட்டங்களையும் 2005 இல் அதன் உச்ச நீதிமன்றம் இரத்துச் செய்தது. உருகுவேயில் மக்கள் இருமுறை வாக்களித்து மன்னிப்புச் சட்டத்தைக் காப்பாற்றினர். பெரும்பான்மை வாக்கால் அடிப்படை உரிமையை விற்க முடியாது என்று அமெரிக்கக் கண்டங்களின் மனித உரிமை நீதிமன்றம் 2011 இல் கூறியது. பெரும்பான்மை என்ற சொல்லின் பாரத்தை அறிந்த எமக்கு இத்தீர்ப்பு முக்கியமானது.

தென்னாபிரிக்கா நடுவழியொன்றை முயன்றது. ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும், முழு உண்மையையும் சொல்ல வேண்டும், செயலுக்கு அரசியல் நோக்கம் இருந்திருக்க வேண்டும். ஸ்டீவ் பிக்கோவின் குடும்பம் உட்படப் பலர் இதை எதிர்த்து வழக்காடித் தோற்றனர். உண்மை வெளிவர வேறு வழியில்லை என்றது 1996 இல் அரசியலமைப்பு நீதிமன்றம். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் மிகப் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. பிக்கோவைக் கொன்றவர்களின் விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டது. ஆனால் நிராகரிக்கப்பட்டவர்களில் மிகச் சிலரே பின்னர் வழக்கைச் சந்தித்தனர். கணக்கு ஒப்புவிக்காதவன் மீது வழக்கு வராவிட்டால், ஒப்புவித்தவன் ஏமாளியாகிறான்.

பிரித்தானியாவும் விலக்கல்ல. 1998 வட அயர்லாந்து உடன்பாட்டின் பின் கைதிகள் நிபந்தனையுடன் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர்; அவர்களது குற்றத் தீர்ப்புகள் அழிக்கப்படவில்லை. ஆனால் 2023 சட்டம் நிபந்தனையுடன் வழக்கிலிருந்தே விலக்களிக்க முனைந்தது. பெல்பாஸ்ற் நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் அது மனித உரிமைச் சாசனத்துக்கு முரண் என்றது. தண்டனையைக் குறைப்பதற்கும் உண்மையை அழிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்தால் எவரும் காணலாம்.

6

இதுவரை எழுதியதை எமது சபைகளில் வாசித்தால் கைதட்டல் கிடைக்கும். இனி எழுதுவதற்குக் கிடைக்குமா தெரியாது.

1986 இல் ரெலோ அழிக்கப்பட்டபோது அதன் பெடியள் ஒலிபெருக்கியில் சரணடைய அழைக்கப்பட்டார்கள். அவர்கள் செய்த குற்றம் வேறோர் இயக்கத்தில் இருந்தது. குற்றமே செய்யாதவனை மன்னிக்கப்பட வேண்டியவனாக மாற்றுவது அரசு மட்டும் கையாளும் வித்தை அல்ல. 2009 இன் பின் ஏறக்குறைய 12,000 பேரை வழக்குமின்றி மன்னிப்புமின்றிப் ‘புனர்வாழ்வு’ என்ற பெயரில் அடைத்துவைத்த அரசு, எமது மண்ணில் முன்னரே பழகிய வித்தையைத்தான் பெரிய அளவில் செய்தது.

1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் ராஜீவ் கொலை ‘துன்பியல் சம்பவம்’ எனப்பட்டது. இந்தச் சொற்றொடரின் இலக்கணத்தைக் கவனியுங்கள். அதில் எழுவாய் இல்லை. மழை பெய்வதுபோல, புயல் அடிப்பதுபோல, சம்பவம் நிகழ்கிறது. 1982 சட்டத்தின் ‘நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட செயல்’ என்ற தொடருக்கும் இதற்கும் மொழியளவில் தூரம் அதிகமில்லை. இரண்டிலும் செய்தவன் காணாமற்போகிறான்.

‘ஒடுக்குபவனையும் ஒடுக்கப்படுபவனையும் ஒரே தராசில் வைக்கிறாய்’ என்று கேட்கப்படும். இல்லை. அரசின் குற்றங்களின் அளவும் அதன் கையிலிருந்த சாதனங்களும் ஒப்பிடவே முடியாதவை. ஆனால் பாதிக்கப்பட்டவர் மட்டுமே மன்னிக்கலாம் என்பது கோட்பாடானால், காத்தான்குடிக்காகத் தமிழ்த் தேசம் தன்னைத் தானே மன்னித்துக்கொள்ள முடியாது. மிருசுவிலுக்காகக் கோத்தாபய மன்னிக்க முடியாது என்று நாம் சொல்வதன் மறுபாதி இது. முதற் பாதியை மட்டும் வைத்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை.

இந்த மௌனத்துக்குப் புகலிடத்தில் இன்னொரு காரணமும் உண்டு. அதை எவரும் எழுதுவதில்லை. 1951 அகதிகள் சாசனத்தின் முதலாவது உறுப்புரையின் ‘எஃப்’ பிரிவு, போர்க்குற்றத்திலோ மானுடத்துக்கு எதிரான குற்றத்திலோ பங்குகொண்டதாகக் கருதக் கடுமையான காரணமுள்ளவருக்கு அகதி அந்தஸ்தை மறுக்கிறது. இயக்க உறுப்பினராக இருந்தது மட்டும் இதற்குப் போதாது, குற்றச் செயலுக்கு அவர் கணிசமான பங்களித்திருக்க வேண்டும் என்று முன்னாள் புலி உறுப்பினர் ஒருவரின் வழக்கில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2010 மார்ச்சில் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் விசாரணை மேசையில் உட்காரும் ஒருவர் பழகிக்கொள்வது ஒரேயொரு கதைமுறையைத்தான். எனக்கு என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லலாம். நான் என்ன செய்தேன், எதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதைச் சொல்லக் கூடாது. அந்தப் பழக்கம் ஹோம் ஒஃபிஸ் கதவோடு நிற்கவில்லை. எமது நினைவுக் குறிப்புகளுக்குள்ளும் நாவல்களுக்குள்ளும் மேடைகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. ஒரு தலைமுறையின் வரலாறே அகதி விண்ணப்பத்தின் வடிவில் எழுதப்பட்டிருக்கிறது. தனிமனிதரை இதற்காக நான் குற்றஞ்சாட்டவில்லை. பேசினால் நாடுகடத்தல் என்ற நிலையில் உண்மை கேட்பது நியாயமில்லை. ஆனால் அந்த ஆபத்து நீங்கிய பின்பும், கடவுச்சீட்டு கைக்கு வந்து இருபது வருடங்கள் கழிந்த பின்பும், அதே வடிவத்தில் பேசிக்கொண்டிருப்பதற்குச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது.

7

எனது நிலைப்பாட்டைச் சுருக்கிச் சொல்கிறேன். அரசுக்கு எதிராக ஆயுதமேந்தியமை அரசுக்கு எதிரான குற்றம். அதை அரசு மன்னிக்கலாம், மன்னிக்கவும் வேண்டும். வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தண்டிக்கப்பட்டோரின் விடுதலையை நான் மன்னிப்பாகக் கேட்கவில்லை, நீதியாகவே கேட்கிறேன். வெலிக்கடை, மிருசுவில், காத்தான்குடி ஆகியவை மனிதருக்கு எதிரான குற்றங்கள். அவற்றைக் கொழும்போ வன்னியோ லண்டனிலுள்ள ஒரு சங்கமோ மன்னிக்க முடியாது. 1982 சட்டத்தையும் அதன் 1988 திருத்தத்தையும் நீக்கக் கோருவது எமது கோரிக்கைப் பட்டியல்களில் இடம்பெற வேண்டும். அதில் சிங்களத் தாய்மாரும் எம்மோடு நிற்கக் காரணமுண்டு. தண்டனையின் அளவைப் பற்றிப் பேரம் பேசலாம். பெயர், திகதி, இடம், கட்டளையிட்டவர் ஆகியவற்றைப் பற்றிப் பேரமில்லை.

அரசு கணக்கு ஒப்புவிக்கும் நாள் எம் கையில் இல்லை. எமது கணக்கை எழுதத் தொடங்குவதற்கு எந்த அரசின் அனுமதியும் தேவையில்லை. இவ்விதழின் பக்கங்கள் அதற்குத் திறந்திருக்கின்றன என்றே நம்புகிறேன்.